செருப்பு ஷீட்டில் ஒரு விண்வெளி வீரன்!

ஒரு குட்டி க்விஸ் பாஸ்... 1966-ல் அமெரிக்க டி.வி.யில் 'ஸ்டார் ட்ரெக்' சீரியல் ஆரம்பமானது. அதில் விண்கல டாக்டர் மெக்காய், நோயாளி மேல் பளபளன்னு ஒரு கருவியை ஆட்டுவார். வியாதி போயே போச்சு! அது என்ன கருவி தெரியுமா? உப்பு டப்பா! சாப்பாட்டு மேஜையில் வைக்கிற அதே உப்பு டப்பாதான். கொஞ்சம் ஸ்டைலான டிசைன், அவ்ளோதான்.

அடுத்தது. 'ஸ்டார் வார்ஸ்' (1977) ஹீரோ லூக் கையில் இருக்கும் லேசர் வாளின் கைப்பிடி? பழைய பத்திரிகை போட்டோகிராபர்கள் பயன்படுத்திய கிராஃப்ளெக்ஸ் கேமராவின் ஃப்ளாஷ் கைப்பிடி. செட் டெகரேட்டர் ரோஜர் கிறிஸ்டியன், லண்டன் கேமரா கடையில் அதைத் தேடிப் பிடித்து, பிடிமானத்துக்கு ரப்பர் பட்டை ஒட்டிவிட்டார். முடிஞ்சது வேலை. அந்தப் படத்தின் கலை இயக்கத்துக்கு ஆஸ்கர் கிடைத்தபோது மேடை ஏறியவர்களில் அவரும் ஒருவர்! 1999-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஜெடி வீரர் பேசும் கம்யூனிகேட்டர், பெண்களுக்கான ஷேவிங் ரேசரை அச்சு எடுத்துச் செய்தது. இங்கிலாந்தின் 'டாக்டர் ஹூ' சீரியலில் 1963-ல் உலகையே மிரட்ட வந்த டாலெக்கின் ஒரு கை, அடைத்துக்கொண்ட சிங்க்கைக் குத்தும் பிளஞ்சர்!

இதையெல்லாம் எதுக்குச் சொல்றோம்னா... "ரோபோ டிரெஸ்ஸா? அதெல்லாம் லட்சக்கணக்குல செலவாகும்டா"ன்னு உங்க கேங்கில் ஒருத்தன் சொல்வான். அவனிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்க. சயின்ஸ் ஃபிக்‌ஷன் உலகம் பிறந்ததே வீட்டுச் சாமானிலும் காயலாங்கடைச் சரக்கிலும்தான். உங்களுக்குத் தேவை ஒரு டேப், ஒரு கட்டர், நிறையப் பொறுமை. ஆங்... கொஞ்சம் ஜாக்கிரதையும். அதைப் பற்றித் தனியாகப் பேசலாம்.

ஆரம்பிச்சு வெச்சது ஒரு பொண்ணு!

1939 ஜூலை. நியூயார்க்கில் முதல் உலக சயின்ஸ் ஃபிக்‌ஷன் மாநாடு. எல்லோரும் கோட்டு சூட்டில் வர, இரண்டு பேர் மட்டும் எதிர்காலத்து மனிதர்கள் மாதிரி உடை போட்டு வந்து நின்றார்கள். ஒருவர் ஃபாரஸ்ட் ஆக்கர்மேன். இன்னொருவர் மோரோஜோ என்ற பெயரில் எழுதிய மர்ட்டில் டக்ளஸ். பத்திரிகை அட்டைப் படங்களையும் 'திங்ஸ் டு கம்' (1936) படத்தையும் பார்த்து இரண்டு உடைகளையும் தைத்தவர் மோரோஜோதான். அடுத்த வருஷம் சிகாகோ மாநாட்டில் வேஷப் போட்டியே வைத்துவிட்டார்கள். இன்றைக்கு 'காஸ்ப்ளே' என்று உலகமே கொண்டாடுகிற விஷயத்துக்குப் பிள்ளையார் சுழி அந்தத் தையல்தான்!

நம்ம பக்கம்? காமிக் கான் இந்தியா 2011-ல் டெல்லியில் தொடங்கியது. 2024 பிப்ரவரியில் முதன்முறையாகச் சென்னைக்கும் வந்தது. நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் வேஷம் போட்டு வந்தவர்களைச் சுற்றி செல்ஃபிக் கூட்டம் அள்ளியது. ஆக, "போட்டுட்டு எங்கே போறது?" என்ற கேள்விக்கும் இப்போ இடமில்லை. காலேஜ் கல்ச்சுரல்ஸ் இருக்கவே இருக்கு!

பர்ஸைத் திறக்கும் முன்...

முதல் தடவையே அயர்ன்மேன் முழு உடம்புன்னு கிளம்பாதீங்க. 2008 படத்துக்கு அந்த சூட்டைச் செய்தது ஸ்டான் வின்ஸ்டன் ஸ்டூடியோ. அதே டீம்தான் பின்னர் 'லெகசி எஃபெக்ட்ஸ்' என்ற பெயரில் நம்ம 'எந்திரன்' (2010) சிட்டிக்கும் வேலை பார்த்தது. அவர்களிடம் பட்டறையே இருந்தது. உங்களிடம் இருப்பது ஹாஸ்டல் ரூம்!

அதனால் முதல் ப்ராஜெக்ட்டுக்கு நேர்க்கோடும் பட்டையும் அதிகம் உள்ள கேரக்டராகத் தேர்ந்தெடுங்க. உருண்டை, வளைவு எல்லாம் ரெண்டாவது ரவுண்டு. ஹெல்மெட், மார்புக் கவசம், தோள் பட்டை இரண்டு, முன்கை இரண்டு... இது போதும். கீழே கறுப்பு ஜீன்ஸ், கறுப்பு ஷூ. பார்க்கிறவன் கண்ணு மேலேதான் போகும்.

அடுத்தது அளவு. தலையில் மூணு அளவு எடுங்க: காதிலிருந்து காது வரை அகலம், மூக்கு நுனியிலிருந்து பின்மண்டை வரை நீளம், தாடையிலிருந்து உச்சி வரை உயரம். எல்லாப் பக்கமும் 2 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்க. உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டணும், காத்து போகணும், கண்ணாடி போடுறவங்களுக்கு அதுக்கும் இடம் வேணும்.

மார்புக்கு ஒரு சூப்பர் ட்ரிக். பழைய பனியன் போட்டுக்கொண்டு, அதன் மேல் சமையலறை பிளாஸ்டிக் ராப்பைச் சுற்றி, அதுக்கும் மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டச் சொல்லுங்க. நண்பன் மார்க்கர் பேனாவால் கவசத்தை உங்க மேலேயே வரையட்டும். பிறகு கோட்டோடு வெட்டிப் பிரித்தால் உங்க உடம்புக்கே அளவெடுத்த பேட்டர்ன் ரெடி. முக்கியமான கண்டிஷன்: இந்த ராப் விளையாட்டு மார்போடு சரி. மூக்கு, வாய் பக்கமே போகக்கூடாது. இறுக்கியும் சுற்றக்கூடாது.

கடைத்தெருவில் கிடைக்கும் கவசம்

இந்த வேலைக்கு உலகம் முழுக்க ராஜா, இ.வி.ஏ. ஃபோம். பேரைக் கேட்டுப் பயந்துடாதீங்க... லேசான செருப்புகளின் அடிப்பாகம், குழந்தைகள் விளையாடும் ஏ-பி-சி-டி கோத்த தரை விரிப்பு, ஸ்டேஷனரி கடையில் விற்கும் கலர் கிராஃப்ட் ஷீட்... எல்லாம் அதேதான்! செருப்பு மெட்டீரியல் விற்கும் கடைகளில் பெரிய ஷீட்டாகவே கேட்டு வாங்கலாம். சென்னைவாசிகள் பெரியமேடு பக்கம் ஒரு ரவுண்டு அடிங்க.

மார்புக்கு 10 மி.மீ., ஹெல்மெட்டுக்கு 5 அல்லது 6 மி.மீ., மேலே ஒட்டும் டிசைனுக்கு 2 மி.மீ. ஒட்டுவதற்குச் செருப்புக் கடைக்காரர் தடவுகிற ரப்பர் சொல்யூஷன். வெட்டுவதற்கு பிளேடை ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் கட்டர். சூடு காட்ட ஹீட் கன். இதுதான் லிஸ்ட்டிலேயே காஸ்ட்லி. நாலு பேர் சேர்ந்து ஒண்ணு வாங்குங்க, இல்லேன்னா தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் இரவல் கேளுங்க. ஹேர் ட்ரையர் மெல்லிய ஷீட்டை லேசா வளைக்கும். தடித்த ஷீட்டிடம் அதன் பாச்சா பலிக்காது.

நம்ம ஊர் ப்ராஜெக்ட்களின் நிரந்தர ஹீரோ தெர்மாகோல் ஆச்சே? அதுக்கும் வேஷம் உண்டு. ஆனா அதன் மேல் ரப்பர் சொல்யூஷன் தடவினாலோ, ஸ்ப்ரே பெயின்ட் அடிச்சாலோ, கண்ணெதிரே கரைஞ்சு குழியாகிடும். தெர்மாகோலுக்கு ஃபெவிகால், தண்ணீர் கலந்த பெயின்ட்... இது மட்டும்தான் ஜோடி.

தலைக்கு மேல வேலை!

ஸ்டெப் 1: முதலில் அட்டைப்பெட்டியில் ஒரு ஒத்திகை ஹெல்மெட். மளிகைக் கடையில் சும்மாவே கிடைக்கும். அளவு தப்பானால் அட்டையோடு போகட்டும், ஷீட்டோடு போகவேண்டாம்! கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கு, ஜப்பானின் டாமா சாஃப்ட்வேர் உருவாக்கிய 'பெபகுரா டிசைனர்' இருக்கிறது. முப்பரிமாண மாடலை, வெட்டி ஒட்டும் தாள்களாக விரித்துக் கொடுத்துவிடும்.

ஸ்டெப் 2: பேட்டர்னைப் பாதி முகத்துக்கு மட்டும் போடுங்க. அதையே புரட்டிப் போட்டால் மறுபாதி. ரெண்டு கன்னமும் ஒரே அளவு! எந்தத் துண்டு எதோடு சேரணும்னு குறுக்கே சின்னச் சின்னக் கோடு போட்டு நம்பர் எழுதுங்க. ஒட்டும்போது இந்தக் கோடுகள்தான் தெய்வம்.

ஸ்டெப் 3: புது பிளேடு, நேர் செங்குத்து, நீளமான ஒரே இழுப்பு. மழுங்கின பிளேடு ஃபோமை வெட்டாது, கடிச்சு வைக்கும். விரலை வெட்டுவதும் பெரும்பாலும் அதுதான். நாம ஜாஸ்தி அழுத்துவோம் இல்லையா!

ஸ்டெப் 4: தட்டையான ஷீட் எப்படி உருண்டையாகும்? டெய்லர் பிளவுஸுக்கு 'டாட்' பிடிப்பாரே, அதே சூத்திரம். ஷீட்டில் இலை வடிவத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, இரண்டு ஓரத்தையும் சேர்த்து ஒட்டினால் அந்த இடம் புடைத்து எழும். முழு உருண்டை வேணுமா? ஆரஞ்சுத் தோலை எட்டாகக் கீறி உரிச்ச மாதிரி எட்டு இதழ் வெட்டி ஒட்டுங்க. கூர்மையான மடிப்பு வேண்டிய இடத்தில், பின்பக்கம் 'வி' மாதிரி பள்ளம் கீறி மடக்குங்க.

ஸ்டெப் 5: ரப்பர் சொல்யூஷனை ரெண்டு பக்கமும் தடவுங்க. உடனே ஒட்டக்கூடாது! தொட்டால் கையில் ஒட்டாத பதம் வரும்வரை, சுமார் பத்து நிமிஷம் காத்திருங்க. அப்புறம் சேர்த்தால் பச்சக்! பிரிக்க முடியாது. அதனால்தான் அந்த நம்பர் கோடுகள்.

ஸ்டெப் 6: வெட்டின துண்டுகளை ஒட்டுவதற்கு முன்பே ஹீட் கன்னால் லேசா வாட்டி, முழங்காலில் வைத்து வளைத்து, ஆறும்வரை பிடித்துக்கொள்ளுங்க. வளைவு அப்படியே நின்றுவிடும். வாட்டும்போது மேல்தோல் லேசாப் பளபளக்கும். நுண்துளைகள் மூடிவிட்டன என்று அர்த்தம்.

கண்ணுக்கு? பைக் ஹெல்மெட் கடையில் கிடைக்கும் ஸ்மோக் கலர் வைஸரை அளவுக்கு வெட்டி உள்ளே ஒட்டினால் கச்சிதம். வாய்ப் பகுதியில் கட்டாயம் காற்றோட்ட ஓட்டை வேணும். பழைய கம்ப்யூட்டரின் குட்டி ஃபேனைப் பவர் பேங்கோடு இணைத்து வைப்பவர்களும் உண்டு. ஃபேனின் வோல்ட் அளவைப் பார்த்து வாங்குங்க. 12 வோல்ட் ஃபேன் 5 வோல்ட் பவர் பேங்கில் சோம்பல்தான் முறிக்கும்.

உட்கார முடியுதா பாரு!

1977 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஒரு காட்சி ரொம்ப ஃபேமஸ். வெள்ளைக் கவச ஸ்டார்ம் ட்ரூப்பர் வீரர்கள் ஒரு அறைக்குள் படையெடுக்க, ஒருத்தர் நிலையில் 'டங்'னு மண்டையை இடிச்சுக்குவார். படத்தில் அப்படியே விட்டுட்டாங்க! அந்த ஹெல்மெட்டுக்குள் இருந்து பார்த்தால் வெளியுலகம் அவ்வளவு லட்சணமாகத் தெரியும். சி-3பிஓ என்ற தங்க ரோபோவாக நடித்த ஆன்டனி டேனியல்ஸுக்கோ, துனீசியாவில் ஷூட்டிங் தொடங்கிய முதல் நாளே காலின் பிளாஸ்டிக் உடைந்து பாதத்தைக் குத்தியது.

பெரிய கம்பெனிக்கே இந்தக் கதின்னா, நாம டெஸ்ட் பண்ணாமப் போகலாமா? முழு கவசமும் மாட்டிக்கொண்டு ஒருமுறை உட்காருங்க. ரெண்டு மாடி ஏறி இறங்குங்க. குனிந்து ஷூ லேஸ் கட்டிப் பாருங்க. தண்ணீர் குடிக்க முடியுதா, பாத்ரூம் போக முடியுதா பாருங்க. எது இடிக்குதோ அதை இப்பவே வெட்டுங்க. துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாதீங்க. பழைய ஸ்கூல் பேக்கின் பெல்ட், பக்கிள், எலாஸ்டிக், வெல்க்ரோவால் கோத்தால் உடம்போடு சேர்ந்து அசையும்.

'பழசு'தான் ஸ்டைலு!

'ஸ்டார் வார்ஸ்' விண்கலங்களின் மேல் தெரியும் ஆயிரம் நுணுக்கங்களில் பாதி, கடையில் வாங்கிய பொம்மை டாங்கி கிட்களின் உதிரிப் பாகங்கள். இப்படிச் சும்மா அழகுக்கு ஒட்டும் சில்லறைச் சாமான்களுக்கு 'கிரீப்ளி' என்றே பேர் வைத்தார்கள். நம்ம கிரீப்ளி? ஷாம்பு பாட்டில் மூடி, பேனா மூடி, செத்துப்போன கீபோர்டின் பட்டன்கள், காலியான மாத்திரை அட்டை. எல்லாம் ஒரே கலர் அடிச்சதும் மெஷின் ஆகிடும்!

ஒட்டு இடைவெளியை பெயின்ட் கடையில் கிடைக்கும் அக்ரிலிக் சீலன்ட்டால் அடைத்து, ஈர விரலால் தடவிவிடுங்க. காய்ந்ததும் ஃபெவிகாலில் சம அளவு தண்ணீர் கலந்து மூன்று, நான்கு கோட். ஒவ்வொண்ணும் காய்ந்த பிறகே அடுத்தது. பிறகு கறுப்பு, அதன் மேல் சில்வர். கடைசியில் தண்ணியான கறுப்பு அக்ரிலிக்கைத் தடவி, துணியால் துடைத்துவிடுங்க. இடுக்கில் மட்டும் அழுக்கு தங்கும். காய்ந்த பிரஷ்ஷில் துளி சில்வர் தொட்டு ஓரங்களில் உரசுங்க. பல போர் பார்த்த இரும்பு மாதிரி ஆகிடும். ஜார்ஜ் லூகாஸ் தன் விண்வெளியைப் புத்தம் புதுசா பளிச்சுன்னு காட்டாமல், புழங்கிப் பழசான உலகமாகக் காட்டினார். உங்க கட்டர் சறுக்கின கோடுகூட இங்கே போர்த் தழும்புதான்!

இது ஜோக் இல்லை

கொஞ்சம் சீரியஸ். கவசம் செய்யும்போது ரிஸ்க்கில் இருப்பது பாக்கெட் மணி மட்டுமில்லை, உங்க நுரையீரலும் கண்ணும்.

ரப்பர் சொல்யூஷன் ஆவி தலைசுற்ற வைக்கும், நெருப்பும் பிடிக்கும். மூடிய ஹாஸ்டல் ரூமில், கேஸ் அடுப்பு பக்கத்தில் வேண்டவே வேண்டாம். மொட்டை மாடிதான் உங்க பட்டறை. ஃபோமை அளவுக்கு மீறிக் காய்ச்சினால் வினிகர் மாதிரி கார நெடி வரும். வந்தால் உடனே நிறுத்துங்க.

கொரோனா காலத்தில் வாங்கின என்-95 மாஸ்க் உப்புத்தாள் தேய்க்கும் தூசுக்கு உதவும். ஆனால் பசை, பெயின்ட் ஆவியை அது தடுக்காது. அதுக்கு ஆவி உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் தனி. பேப்பர் ஹெல்மெட்டைக் கல்லாக்க ஃபைபர் ரெசின் பூசும் முறை ஒன்று உண்டு. அதில் கலக்கும் ஹார்டனர் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. முதல் ப்ராஜெக்ட்டில் ரெசினுக்குப் பெரிய கும்பிடு போட்டுடுங்க. ஃபோமே போதும்.

போட்ட பிறகு? ஃபோம் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாது. நம்ம மே மாசத்தில் அது நடமாடும் இட்லிப் பானை! அரை மணிக்கு ஒருமுறை ஹெல்மெட்டைக் கழற்றுங்க, தண்ணீர் குடிங்க. படிக்கட்டில் கை பிடிக்க, "லெஃப்ட்ல வா மச்சி"ன்னு சொல்ல ஒரு நண்பன் கூடவே இருக்கணும். பொம்மைத் துப்பாக்கியை பஸ்ஸிலும் ரயிலிலும் கையில் பிடிச்சுக்கிட்டுப் போகாதீங்க, பையில் போடுங்க. இன்னொண்ணு... இது பைக் ஹெல்மெட் கிடையாது. மாட்டிக்கிட்டு வண்டி ஓட்டினால் போலீஸும் விடாது, ரோடும் விடாது!

வில்லன்கள் செய்த நல்ல காரியம்

"இவ்வளவு கஷ்டப்பட்டு எதுக்கு? வேடிக்கை காட்டவா?" என்பவர்களுக்கு ஒரு உண்மைக் கதை.

அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஆல்பின் ஜான்சன் என்றொருவர். விபத்தில் ஒரு காலை இழந்தவர். அவர் ஸ்டார்ம் ட்ரூப்பர் கவசம் செய்து போட ஆரம்பித்தார். 1997-ல் அவர் தொடங்கியதுதான் '501-ஆவது லீஜன்'. வில்லன் வேஷக் கவசம் வைத்திருக்கும் ரசிகர்களின் கூட்டம். இன்று பல நாடுகளில் இருக்கிறது. குழந்தைகள் ஆஸ்பத்திரிகளுக்குக் கவசத்தோடு போய் சிரிக்க வைப்பது, நிதி திரட்டித் தருவது... தங்களுக்கென்று சம்பளம் வாங்குவதில்லை.

ஆல்பினின் சின்னப் பெண் கேட்டிக்கு மூளையில் புற்றுநோய். படத்தில் வரும் ஆர்2-டி2 குட்டி ரோபோ தனக்குத் துணையாக இருக்கணும்னு ஆசைப்பட்டாள். ரோபோ செய்யும் ரசிகர்கள் விஷயம் கேள்விப்பட்டு, இளஞ்சிவப்பில் ஒன்று செய்யக் கிளம்பினார்கள். முழுசா முடிக்க நாளாகும், அவளுக்கோ நாள் இல்லை. அதனால் ஒருவர் தன்னிடம் இருந்த ரோபோவையே இளஞ்சிவப்பாக்கி 2005 ஜூலையில் அவளிடம் கொண்டுபோய் நிறுத்தினார். கட்டிப்பிடித்துக்கொண்டாள். அடுத்த மாதம் கேட்டி இறந்துபோனாள். அவள் பெயரால் 'ஆர்2-கேடி' 2006-ல் முழுமையடைந்தது. 2015-ல் வந்த 'தி ஃபோர்ஸ் அவேகன்ஸ்' படத்திலேயே அது தலை காட்டுகிறது.

காசு கொடுத்துக் கடையில் வாங்கின பொம்மையால் இது நடந்திருக்குமா? யாரோ முகம் தெரியாத ஒருத்தர் தன் கையால் செய்து, தன் கையால் பெயின்ட் மாற்றிய பொருள் அது. செய்யத் தெரிந்த கைக்குத்தான் அவசரத்தில் அந்தச் சக்தி வரும்.

உங்க ஊரிலும் ஒரு குழந்தைகள் வார்டு இருக்கும், ஒரு காப்பகம் இருக்கும். கல்ச்சுரல்ஸ் முடிஞ்சதும் கவசத்தைப் பரணில் போடாதீங்க. முன்கூட்டியே அனுமதி வாங்கி, வாசலில் சோப்பு போட்டுக் கை கழுவி, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்க. பயப்படுற குட்டிகளிடம் முதலில் ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைக் காட்டுங்க. அப்புறம் அந்த ஹெல்மெட்டை மாட்டிப் பார்க்க அவங்களே க்யூவில் நிற்பாங்க!

சரி பாஸ், இந்த வீக் எண்டு ஃப்ரீதானே? மளிகைக் கடையில் ஒரு அட்டைப்பெட்டி கேட்டு வாங்குங்க, பேட்டர்னைப் போடுங்க, கட்டரை எடுங்க...

ஜாக்கிரதை, விரல்!